செம்பூர் மார்க்கெட்டில் முட்டை நண்டு விற்காத ஒரு கடை

மும்பை செம்பூர் மார்க்கெட் மீன் வரிசையில் கடைசிக்கு முந்தின மேடை. பெயர்ப்பலகை கிடையாது. கோலி என்ற மீனவச் சமூகத்து மாவுஷி (மராத்தியில் சித்தி, பெரியம்மா மாதிரி) ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஆறு வருடமாக அவரிடம்தான் வாங்குகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி, நண்டு என்றால் சினையோடு வேண்டும். முதல் நாள் அப்படித்தான் கேட்டேன். ஒரு பெண் நண்டைப் புரட்டி, வயிற்று மடிப்பைக் கத்தி முனையால் நெம்பிக் காட்டினார். "இங்கே முட்டை ஒட்டியிருந்தால் ஏலத்திலேயே எடுக்க மாட்டேன்." ஓட்டுக்குள் இருக்கும் சினை வேறு, வெளியே கொத்தாகத் தொங்கும் முட்டை வேறு என்று அன்றுதான் தெரிந்தது. வெளியே தொங்கும் முட்டை முதலில் ஆரஞ்சாக இருக்கும், பொரியும் நாள் நெருங்க நெருங்கக் கறுத்துவிடும். ஒரே நண்டில் லட்சக்கணக்கான முட்டை. இதே மும்பைக் கடலில் தட்டைத் தலை மணல் சிங்கி இறால் பிடிப்பு 1994-ல் அடியோடு சரிந்துபோனது. முட்டையோடு வந்த பெண் இறாலையும் சேர்த்து வாரியதன் பலன் அது.

வெள்ளை வாவல் மீனுக்கும் அவரிடம் ஒரு கணக்கு உண்டு. 2023-ல் மகாராஷ்டிரா அதை மாநில மீனாக அறிவித்தது. சட்டப்படி 13.5 செ.மீ.க்குக் குறைந்ததைப் பிடிக்கக் கூடாது. மாவுஷிக்கு அது போதாது. கையை விரித்து வைத்துப் பார்ப்பார், சாண் நீளம் இல்லையென்றால் "நக்கோ", வேண்டாம் என்பார். போன வருடம் ஒரு ஆப்பில் வாங்கிய வாவல் என் உள்ளங்கைக்குள் அடங்கியது. ஒரு தடவைகூட முட்டையிடாத குஞ்சு. சமைக்கவே மனசு வரவில்லை.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். அப்போது ஐஸில் கிடந்த பழைய மீனைத் தலையில் கட்ட மாட்டார். காய்ந்த போம்பில் (பம்பாய் டக் என்கிற மீன்), சென்னாக்கூனி, அவ்வளவுதான். நாரளி பௌர்ணமிக்குக் கடலுக்குத் தேங்காய் விட்ட பிறகுதான் மேடை நிறையும்.

குறையும் சொல்ல வேண்டும். விலை பக்கத்துக் கடையைவிடக் கூடுதல், பேரம் நடக்காது. வஞ்சிரத்தை நம் குழம்புக்கு ஏற்ற மாதிரி வெட்டச் சொன்னால் தடித்தடியாகப் போட்டுவிடுவார். பக்கத்தில் நின்று விரலால் அளவு காட்டுங்கள்.

விடியுமுன் பாவ்ச்சா தக்கா என்ற மீன்பிடித் துறையில் நடக்கும் ஏலத்துக்குப் போய்வருபவர். எட்டரைக்குள் போய்விடுங்கள், பத்து மணிக்கு அயலைதான் மிஞ்சும்.