டங் ஆயில்: நண்டுத் தொட்டியில் 14 மாதம்

போன வாரம் நண்பர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். மகனுக்கு வாங்கிக் கொடுத்த, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்கு (ஹெர்மிட் கிராப்) மர ஏணி செய்யப் போகிறாராம். "நீங்க ஏதோ எண்ணெய் பூசினீங்களே, இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தார். படத்தில் இருந்த பலகையைப் பார்த்ததும் எண்ணெயைப் பற்றிய பேச்சைத் தள்ளி வைத்துவிட்டேன். லேசாகப் பச்சை ஏறிய பலகை. வெளியில் வேலி போடுவதற்காக மருந்து ஏற்றிய மரம் அது. இங்கே அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களில் ஆர்செனிக் கலந்த மருந்து 2003 இறுதியோடு நின்றது. இப்போது வரும் மருந்துகளில் பெரும்பாலும் செம்புதான் பிரதானம். நண்டின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்பினால்தான், ஆனாலும் வெளியிலிருந்து கூடுதலாகச் செம்பு சேர்ந்தால் அந்த இனத்துக்கே விஷம். இறால் வளர்ப்பவர்கள் செம்பு கலந்த மீன் மருந்தைக் கண்டாலே ஓடுவார்கள். அந்தப் பலகையைத் தொட்டியருகே கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சரி, எண்ணெய்க்கு வருகிறேன். நான் பூசியது டங் ஆயில், டங் மரத்தின் கொட்டையிலிருந்து எடுத்து மரச்சாமான்களுக்குப் பூசும் எண்ணெய்.

எங்களிடம் இருப்பவை இரண்டு. நியூ ஜெர்சி கடற்கரையோரக் கடையில் என் மகள் அடம்பிடித்து வாங்கியவை. பெயர்கள் சுண்டல், வடை. (முதுகில் வீட்டைச் சுமந்துகொண்டு, அதைவிடப் பெரிய வீடு கிடைக்குமா என்று எந்நேரமும் அலைகிற பிராணிக்குத் துறவி என்று பெயர் வைத்தவரை ஒருமுறை பார்க்க வேண்டும்.) செவுளால் மூச்சு விடுபவை என்பதால் தொட்டிக்குள் ஈரப்பதம் எப்போதும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். எங்கள் வரவேற்பறைக்குள் ஒரு சின்ன மழைக்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நான் ஆசையாகச் செய்து வைத்த ஓக் ஏணி, பத்தே நாளில் வெள்ளைப் பூஞ்சை பூத்து ரவா லட்டு மாதிரி நின்றது.

முதலில் அரக்கு பூசினேன். மிட்டாய்க்கே பூசுகிறார்கள், நண்டுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்ற தைரியம். அந்த ஈரத்தில் அது பால் சிந்தியதுபோல் வெளுத்துப் பிசுபிசுத்தது. சுரண்டி எடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. 'பாயில்டு' என்று போட்டிருக்கும் ஆளிவிதை எண்ணெயை வாங்கவில்லை. பெயர்தான் காய்ச்சியது, சீக்கிரம் உலர்வதற்காக உள்ளே உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள்.

அப்புறம்தான் டங் ஆயில். இதிலும் முதல் டப்பா என்னை ஏமாற்றியது. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் டங் ஆயில், அதன் கீழே பொடி எழுத்தில் 'ஃபினிஷ்'. திறந்ததும் பெயின்ட் கடை வாடை. பாதுகாப்புத் தகவல் தாளைத் தேடிப் படித்தால் பெரும்பங்கு மினரல் ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பான், கூடவே வார்னிஷ். டங் எண்ணெய் எத்தனை சொட்டு என்று அந்தப் புண்ணியவான்களுக்கே வெளிச்சம். வாங்குவதானால் நூறு சதவீதம் சுத்தமான எண்ணெய் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

இரண்டாவது டப்பா அசல். மெல்லியதாக நான்கு பூச்சு, நடுநடுவே உப்புத்தாள். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நான் வெளியில் விரித்துக் காயவிட்டேன். ஏணி பால்கனியில் ஐந்து வாரம் கிடந்தது. காய்ந்தால் சாப்பாட்டுத் தட்டுக்குக்கூடப் பாதுகாப்பு என்கிறார்கள். ஆனால் தட்டு மூச்சு விடுவதில்லையே? வாடை முழுக்கப் போகும்வரை உள்ளே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வைத்த பிறகு, குறை சொல்ல வாய் வரவில்லை. ஓக்கின் ரேகை தேன் நிறத்தில் எழுந்து வந்தது. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நின்றது. எட்டு மாதம் பூஞ்சை எட்டிப் பார்க்கவில்லை.

இடையில் வடை மணலுக்குள் போய்விட்டது. தோலுரிக்கப் போகிறது என்று தெரியும், மாதக்கணக்கில்கூட உள்ளேயே கிடக்கும் என்றும் தெரியும். தோண்டிப் பார்க்கக் கூடாது. ஆனால் ஏணியை வைத்த நாலாம் நாள் போயிருக்கிறது! ஏழு வாரம், எண்ணெய்தான் கொன்றுவிட்டது என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டு மகளிடம் சிரித்தபடி நடமாடினேன். ஒரு நாள் விடிகாலையில், புதுச் சிவப்புக் கால்களோடு தண்ணீர்க் கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தது.

எரிச்சல் ஒன்பதாம் மாதம் தொடங்கியது. இந்த நண்டுகள் மரத்தைச் சுரண்டும், கொறிக்கும். எண்ணெய் ஊறியிருப்பது மேல்தோலில் மட்டும். ஓரங்களில் வெறும் மரம் தெரிந்ததும், மணலில் புதைந்த அடிப்பக்கம் கறுத்தது. மறுபடி தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி ஐந்து வாரம் பால்கனி. அந்த ஐந்து வாரத்துக்கு ஒப்புக்கு ஒரு கார்க் பட்டையை வெந்நீரில் கொதிக்க வைத்து உள்ளே போட்டேன். பூச்சு ஒன்றும் இல்லை. அதிலும் வெள்ளை பூத்தது. சலித்துப்போய் ஸ்ப்ரிங்டெயில் பூச்சிகள் ஒரு டப்பா வாங்கிக் கொட்டினேன். கடுகில் பாதிகூட இருக்காது ஒவ்வொன்றும். இரண்டே வாரத்தில் பூஞ்சையை மேய்ந்து தீர்த்துவிட்டன. நண்டுகளோ அந்தப் பட்டையை விட்டு இறங்குவதே இல்லை. பளபளப்பாகத் திரும்பி வந்த என் ஓக் ஏணியில் ஒரு கால்கூட வைக்கவில்லை.

எண்ணெய்க்கு ஐந்துக்கு நாலரை தருவேன், அதில் மாற்றமில்லை. ஆனால் நண்பருக்கு எழுதியது இதுதான்: வாங்காதீர்கள். பைனும் தேவதாருவும் வேண்டாம், அவற்றின் எண்ணெய் வாடையே நண்டுக்கு ஆகாது. ஓக், கார்க், தேங்காய் ஓடு எதுவானாலும் வெறுமனே வையுங்கள், ஸ்ப்ரிங்டெயில் பூச்சிகளை உள்ளே விடுங்கள்.

மீதி அரை டப்பாவைச் சமையலறை வெட்டுப்பலகைக்குப் பூசினேன். அருமையாக இருக்கிறது. ஐந்து வாரமாக வெங்காயம் நறுக்க இடமில்லை என்று வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.