வழியில் சாப்பிட எங்கே நிறுத்துவது: நெடுஞ்சாலை ஓய்விடமா, ஊருக்குள் ஷாப்பிங் சென்டரா?

நெடுந்தூரப் பயணத்தில் பசியெடுத்தால் சாலையோர ஓய்விடத்திலேயே வண்டியை ஓரங்கட்டலாம். இல்லையென்றால் அடுத்த பிரிவில் இறங்கி, குடியிருப்புகளுக்கு நடுவே சூப்பர் மார்க்கெட்டும் நாலைந்து உணவுக் கடைகளுமாக இருக்கும் ஷாப்பிங் சென்டருக்குப் போகலாம். விலை, கூட்டம், இரைச்சல் எல்லாம் தெரிந்த கதை. என் ஓட்டு ஷாப்பிங் சென்டருக்குத்தான். சமைத்த உணவு கவுன்டரில் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதை வைத்தே அப்படிச் சொல்கிறேன்.

ஓய்விடக் கடைக்கு இன்று வந்தவர் மறுபடி வருவதே அபூர்வம். குடியிருப்புக்கு நடுவே கடை போட்டவருக்கோ அதே முகங்கள்தான் வாரத்துக்கு மூன்று முறை வர வேண்டும். ஆறிப்போனதைக் கொடுத்தால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும். அதனால் சின்னச் சின்ன ஈடாகச் சமைக்க அவருக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அக்கம்பக்கத்தார் சாப்பிடும் நேரத்தை ஒட்டிப் போனால்தான் இது பலிக்கும். பிற்பகல் நாலு மணிக்குப் போனால் மதியம் மிஞ்சியதுதான் கிடைக்கும். அந்த நேரத்தில் பேருந்துகள் வந்து நிற்கும் ஓய்விடமே மேல்.

எங்கே நின்றாலும் கவுன்டரை ஒரு நோட்டம் விடுங்கள். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலேயும் குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழேயும் இருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கரண்டியால் கிளறும்போது ஆவி வருகிறதா, ஓரம் காய்ந்து ஏடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய மிச்சத்தின் மேலேயே புதியதைக் கொட்டினால் நகர்ந்துவிடுங்கள். அடியில் இருப்பது எப்போது சமைத்தது என்று பரிமாறுகிறவருக்கே தெரியாது. சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியைக் கிளப்பும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. "அடுத்த ஈடு எப்போது இறங்கும்?" என்று கேட்டுவிட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பதில் நஷ்டமில்லை.

சமைத்தது எதுவும் பிடிக்காவிட்டால் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது: பழம், தயிர், ரொட்டி, பெரிய தண்ணீர் பாட்டில். சர்க்கரை நோயாளிக்கும் ஒவ்வாமை உள்ளவருக்கும் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட பட்டியலைவிட நம்பகமானது கவுன்டரில் கிடைக்காது. குளிர்ந்த பொருள்களைக் கடைசியில் எடுங்கள். பார்சலை டிக்கியில் போடாமல் ஏசி படும் இடத்தில் வையுங்கள். சமைத்த உணவையும் குளிர்ந்த பொருள்களையும் வாங்கிய 2 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். 32 டிகிரிக்கு மேல் வெயிலடித்தால் 1 மணி நேரம்தான்.

சாலையை விட்டு இறங்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வரைபடத்தில் 2 கிலோமீட்டர் என்று காட்டும். நடுவில் மூன்று சிக்னல் இருந்தால் போக வர அரை மணி போய்விடும். ஒரு வழிக்கு 5 நிமிடத்துக்கு மேல் காட்டினால் விட்டுவிடுவது நல்லது. இறங்கும் பிரிவிலேயே அதே திசையில் மறுபடி ஏற வழி உண்டா என்று முன்னதாகப் பாருங்கள். சில இடங்களில் இறங்க மட்டும்தான் முடியும். சுங்கச் சாலையாக இருந்தால் வெளியேறி நுழைவதற்குக் கட்டணம் கூடுமா என்பதையும் பார்க்க வேண்டும். சென்டர் திறந்திருக்கிறது என்று காட்டுவதை வைத்துக் கிளம்பாதீர்கள், உள்ளே இருக்கும் கடையின் நேரத்தைத் தேடுங்கள்.

கழிப்பறை விஷயத்தில் ஓய்விடம்தான் ஜெயிக்கும். ஷாப்பிங் சென்டரில் அது உள்ளே எங்கோ ஒரு மூலையில் இருக்கும், சில இடங்களில் சாவியைக் கடையில் கேட்டு வாங்க வேண்டும். நள்ளிரவுப் பயணத்துக்கும் ஓய்விடமே கதி. வேன், பேருந்து என்று பெரிய வண்டியில் போகிறவர்களுக்கு நான் சொன்ன கணக்கு எவ்வளவு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். உயரத் தடுப்பு வைத்த பார்க்கிங்கில் வேன் மாட்டிக்கொண்டால், பின்னால் நிற்கும் கார்கள் ஒவ்வொன்றாக நகர்ந்த பிறகுதான் வெளியே வர முடியும்.