கொக்குவிலில் ஓர் எஸ்.ஏ.ரி. வகுப்பு: ஐந்து மாதம் பார்த்த பின் எழுதுவது

யாழ்ப்பாணத்தில் தனியார் வகுப்புக்குப் போகாத உயர்தர மாணவரைக் காண்பது அரிது. விடிந்தும் விடியாததுமான நேரத்திலேயே சைக்கிள்கள் நிரம்பிவிடும் ரியூட்டரி வாசல்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் மகளும் அதே வாசல்களால்தான் போய் வந்தாள். ஆனால் தமிழ் மொழிமூலம் கணிதப் பிரிவில் கற்ற அவள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க விரும்பி, அதற்கான எஸ்.ஏ.ரி. பரீட்சைக்கு ஆயத்தம் செய்யத் தொடங்கியபோது, எங்களுக்குப் பழக்கமான ரியூசன் முறை எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் கைவிடும் என்பதை முதன்முதலாக உணர்ந்தேன். அவள் இரண்டு இடங்களில் படித்தாள். முதலாவதில் ஆறு வாரம், இரண்டாவதில் ஐந்து மாதம். இம்மதிப்புரை இரண்டாவது இடத்தைப் பற்றியது. கொக்குவிலில் தம் வீட்டு மேல்மாடியில் வகுப்பு நடத்தும் ஆசிரியை விளம்பரம் செய்வதில்லை, ஒன்பது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, தம் பெயர் அச்சில் வருவதை விரும்புவதுமில்லை. ஆகவே பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன்.

இந்தப் பரீட்சை இப்போது ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொரோனாக் காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல இப்புள்ளியைக் கட்டாயமாகக் கேட்பதை நிறுத்தியிருந்தன. மசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகம் 2022இல் அதை மீண்டும் கட்டாயமாக்கியது; 2024இல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கல்ரெக் ஆகியவையும் அவ்வழியில் திரும்பின. எங்கள் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையை அங்குள்ள அனுமதி அலுவலர் எந்த அளவுகோலால் அளப்பார் என்று தெரியாத நிலையில், எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒரு புள்ளி கையில் இருப்பது பலம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பரீட்சை ஒரே வடிவில் நிற்பதில்லை. 1926இல் தொடங்கிய எஸ்.ஏ.ரி. 2005இல் கட்டுரை சேர்த்து 2400 புள்ளிக்கு உயர்ந்தது. 2016இல் மறுபடியும் 1600க்கு வந்தது, பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கும் முறையும் அப்போது நீங்கியது. 2021இல் கட்டுரையும் தனிப்பாடப் பரீட்சைகளும் கைவிடப்பட்டன. 2023 மார்ச்சில் அமெரிக்காவுக்கு வெளியேயும், 2024 மார்ச்சில் அமெரிக்காவிலும் தாள் போய்க் கணினி வந்தது. நாங்கள் முதலில் சேர்த்த நிலையம் இதில் கடைசி மாற்றத்தை அறிந்திருந்தும் பொருட்படுத்தவில்லை. பழைய தாள் முறைப் புத்தகத்தின் பிரதிகளைக் கட்டிக் கொடுத்து, நீண்ட பந்தி ஒன்றுக்குப் பத்துப் பதினொரு வினா என்ற முறையில் பிள்ளைகளை இருத்தி எழுத வைத்தார்கள்; புதிய பரீட்சையில் இல்லவே இல்லாத 'கணிப்பான் இன்றிக் கணிதம்' என்ற பகுதிக்கு இரண்டு கிழமை செலவாயிற்று. முழுப் பாடநெறிக்குமான 60,000 ரூபாயை முன்கூட்டியே வாங்கியிருந்தார்கள். இடையில் விலகியபோது ஒரு பகுதியேனும் திரும்பவில்லை. பணம் போனதைவிட, பிழையான பரீட்சைக்குப் பிள்ளை ஆறு வாரம் உழைத்ததுதான் எனக்கு இன்றும் மனவருத்தம்.

இரண்டாவது இடத்தின் முதல் வகுப்பிலேயே வேறுபாடு தெரிந்தது. ஆசிரியை எந்தப் புத்தகத்தையும் எடுக்கவில்லை. பரீட்சையை நடத்தும் கொலேஜ் போர்ட் இலவசமாக வழங்கும் புளூபுக் செயலியில் ஒரு முழு மாதிரிப் பரீட்சையை எழுத வைத்தார். மொத்தம் 2 மணி 14 நிமிடம். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில் 54 வினாக்கள், கணிதத்தில் 44 வினாக்கள்; ஒவ்வொரு பகுதியும் இரண்டு கூறுகளாகப் பிரிந்திருக்கும். முதற் கூற்றில் பிள்ளை எப்படிச் செய்கிறது என்பதைப் பொறுத்து இரண்டாம் கூறு கடினமானதாகவோ இலகுவானதாகவோ அமையும். இலகுவான கூறு கிடைத்த பிள்ளை அதிலுள்ள எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் உச்சப் புள்ளியை எட்ட இயலாது. ஆகவே முதற் கூற்றில் பதறிச் சிந்தும் புள்ளி இருமடங்கு விலையுள்ளது என்பதை, மகளின் பெறுபேற்றையே காட்டி அவர் விளக்கினார். அன்று அவளுக்குக் கிடைத்தது வாசிப்பில் 480, கணிதத்தில் 690.

இங்கேதான் எங்கள் ஊர் ரியூசன் முறை இடறுகிறது. பத்து வருடக் கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்து, இம்முறை வரக்கூடிய வினாக்களை அனுமானித்து, அவற்றைக் கடைசி மாத வகுப்பில் எழுத வைப்பதில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் வல்லவர்கள். அதில் எனக்கு மதிப்பும் உண்டு, என் தலைமுறையில் பலரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது அந்த உழைப்புத்தான். ஆனால் கணினி முறைக்கு மாறியபின், ஒரே மண்டபத்தில் அருகருகே இருக்கும் இரு பிள்ளைகளுக்கே வெவ்வேறு வினாக்கள் வருகின்றன; எழுதி முடித்த வினாத்தாள் கையில் கிடைப்பதுமில்லை. அனுமானிப்பதற்கு எதுவும் இல்லாத பரீட்சையில் ஆசிரியர் ஆராய வேண்டியது வினாத்தாளை அல்ல, பிள்ளையை. இந்த ஆசிரியை அதைத்தான் செய்தார். அதற்கு அவர் பயன்படுத்திய கருவி, நாற்பது தாள் கொண்ட ஒரு சாதாரணக் கொப்பி.

அதைப் 'பிழைக் கொப்பி' என்று அழைத்தார்கள். பிழைத்த ஒவ்வொரு வினாவுக்கும் மூன்று விடயங்களைப் பிள்ளை தன் கையால் எழுத வேண்டும்: எந்த விடையைத் தெரிவுசெய்தேன், அப்போது அது ஏன் சரியாகப் பட்டது, எவ்வளவு நேரம் மீதியிருந்தது. சரியான விடையை எழுதும்படி அவர் கேட்பதில்லை என்பது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. மூன்றாம் வாரத்தில் மகளின் கொப்பியை வாசித்தபோதுதான் காரணம் புரிந்தது: ஏறத்தாழப் பாதிப் பிழைகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. இரண்டு முழு வசனங்களுக்கு நடுவே அவள் காற்புள்ளி மட்டும் இட்டுவிட்டுப் போயிருந்தாள்.

அந்த வகுப்புக்கு நான் கூடவே போயிருந்தேன். ஆசிரியை ஆங்கில இலக்கண விதியைச் சொல்லவில்லை. கரும்பலகையில் தமிழில் எழுதினார்: 'மழை பெய்தது, வெள்ளம் வந்தது, வீதி மூடப்பட்டது.' அதற்குக் கீழே, 'மழை பெய்து வெள்ளம் வந்து வீதி மூடப்பட்டது.' பின்பு கேட்டார்: "பிள்ளை, முதல் வரியில வினைமுற்று எத்தனை? இரண்டாவதில எத்தனை?" மூன்று, ஒன்று என்றாள் மகள். தமிழில் மூன்று வினைமுற்றுகளைக் காற்புள்ளியால் கோத்தாலும் காதுக்கு உறுத்தாது. ஆங்கிலத்தில் அது பிழை. அங்கே இரண்டு முற்றுகள் அடுத்தடுத்து வந்தால் நடுவில் முற்றுப்புள்ளியோ, அரைப்புள்ளியோ, காற்புள்ளியுடன் ஓர் இணைப்புச் சொல்லோ வேண்டும். ஒன்றை எச்சமாக்கிவிட்டால் காற்புள்ளி போதும். ஏழாம் எட்டாம் வகுப்பில் படித்த முற்றும் எச்சமும், அவளைப் பல வருடம் மிரட்டிய ஆங்கில நிறுத்தக்குறிகளுக்குத் திறவுகோலாயின. அடுத்த மாதிரிப் பரீட்சையில் அவ்வகை வினாக்களில் ஒன்றுதான் பிழைத்தது.

இணைப்புச் சொற்களையும் அவர் இப்படியே கையாண்டார். புதிய முறையில் பந்திகள் மிகச் சிறியவை, 25 முதல் 150 சொற்கள் வரை. ஒரு பந்திக்கு ஒரே வினா. நடுவில் ஒரு வெற்றிடம் விட்டு, பொருத்தமான இணைப்புச் சொல்லைக் கேட்பார்கள். நான்கு விடைகளையும் கையால் மறைத்து, இரு வசனங்களுக்கும் உள்ள உறவை முதலில் தமிழில் சொல்லும்படி அவர் கேட்பார்: ஆகவேயா, ஆயினுமா, மாறாகவா, உதாரணமாகவா? உறவைச் சொன்ன பின்புதான் கையை எடுப்பார். ஆங்கிலம் தெரியாததால் பிழைக்கும் வினாக்களையும், சிந்திக்கும் முன்பே விடைகளை வாசித்ததால் பிழைக்கும் வினாக்களையும் பிள்ளை தானே பிரித்தறிய இது உதவியது. 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் தமிழும் ஆங்கிலமும் அருகருகே கற்பிக்கப்பட்டன. அங்கே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். தாய்மொழியை ஊன்றி இன்னொரு மொழிக்குள் இறங்குவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்று, அந்த மேல்மாடியில் இருந்தபோது அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

கணிதத்தில் எங்கள் பிள்ளைகள் பலமானவர்கள். ஆனால் அந்தப் பலமே சில இடங்களில் நேரத்தைத் தின்கிறது. இணைந்த கணித வினாத்தாளுக்குக் கணிப்பான் கொண்டு போக முடியாது என்பதால் எல்லாவற்றையும் கையால் செய்து பழகியவள் மகள். எஸ்.ஏ.ரி. செயலிக்குள்ளேயே டெஸ்மொஸ் என்ற வரைபுக் கணிப்பான் இருக்கிறது. கணிதப் பகுதி முழுவதற்கும் அதைப் பயன்படுத்தலாம். ஒரு நேர்கோடும் ஒரு பரவளைவும் எத்தனை இடத்தில் வெட்டுகின்றன என்று கேட்டால் இரண்டு சமன்பாடுகளையும் தட்டச்சிட்டுப் பார்த்துவிட வேண்டும். தெரியாத ஒரு மாறிலியைக் கொடுத்து, ஒரேயொரு தீர்வு மட்டும் இருக்க அதன் பெறுமானம் என்ன என்று கேட்டால், இருபடிச் சமன்பாட்டுக்கு எத்தனை தீர்வு என்பதைக் காட்டும் தன்மைகாட்டியைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்திக் கையால் செய்வதே விரைவு. எதைக் கருவிக்கு விடுவது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்ற இந்தத் தெரிவுக்காக மட்டும் நான்கு வகுப்புகள் ஒதுக்கினார். படித்திறன், சேடு, இருபடி என்று தமிழில் அறிந்தவற்றுக்கு அமெரிக்கப் பாடநூல்கள் வழங்கும் சொற்களை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருந்தார்; அடி, அங்குலம், இறாத்தல் அளவுகளும் அதில் இருந்தன.

மாதக் கட்டணம் 10,000 ரூபாய், கிழமைக்கு இரண்டு வகுப்பு. புளூபுக் மாதிரிப் பரீட்சைகளும் கான் அக்கடமி என்ற கல்வி இணையத்தளத்தின் பயிற்சிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன, வகுப்பிலும் அவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். அப்படியிருக்கப் பணம் கொடுப்பானேன் என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆங்கில மொழிமூலம் கற்ற, தன் நேரத்தைத் தானே ஒழுங்குபடுத்தக்கூடிய பிள்ளைக்கு அந்த இலவச வளங்களே போதும் என்று நான் துணிந்து சொல்வேன். எங்கள் மகளுக்குப் போதவில்லை. பிழைத்த விடைக்குச் செயலி தரும் விளக்கம் ஆங்கிலத்தில், சரியான விடை ஏன் சரி என்பதைச் சொல்கிறது. இவள் ஏன் அந்தப் பிழையின் பக்கம் இழுபட்டாள் என்பதைக் கண்டுபிடிக்க, இவளுடைய மொழியும் படிப்பும் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது. அதற்கான கட்டணமாகவே 50,000 ரூபாயை நான் கணக்கிடுகிறேன்.

குறைகளும் உண்டு. ஒன்பது பிள்ளைகளுக்கு நான்கு மடிக்கணினிகள்தான். சொந்தக் கணினி இல்லாத பிள்ளை முறைக்காகக் காத்திருக்க வேண்டும், கணினியில் எழுதும் பரீட்சைக்கு இது சிறிய குறை அல்ல. மின்வெட்டு நேரத்தில் வகுப்பு வெறும் விரிவுரையாகிவிடும். வாசிப்புப் பகுதியில் அமெரிக்கக் கவிதை, நாவல் பகுதிகள் வரும்போது ஆசிரியையின் விளக்கம் மெலிகிறது. இலக்கணத்தில் இருந்த கூர்மை அங்கே இல்லை. விண்ணப்பக் கட்டுரை, புலமைப்பரிசில், வீசா என்பவற்றில் அவர் தலையிடுவதே இல்லை, அவற்றை நாங்களே தேடிப் படித்தோம். இத்தனை புள்ளி நிச்சயம் என்ற உத்தரவாதமும் தரமாட்டார். அதைக் குறையாக எண்ணும் பெற்றோர் இருக்கிறார்கள், எனக்கோ அது அவரை நம்புவதற்குரிய காரணமாகவே பட்டது.

நாங்கள் கொழும்பில் ஒரு நிலையத்துக்குப் பதிவு செய்திருந்தோம். வெள்ளி காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள் என்று ஆசிரியை வற்புறுத்தியது நல்லதாயிற்று. இரவு பேருந்தில் நானூறு கிலோமீற்றர் போய் இறங்கிய கையோடு பரீட்சை எழுதுவது எந்தப் பிள்ளைக்கும் கடினம். செயலியைப் பரீட்சைக்குச் சில நாள் முன்னரே ஆயத்தப்படுத்தி அனுமதிச் சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும், நடுவில் இணையம் அறுந்தாலும் எழுதியது அழியாது, தொடங்கும்போதும் இறுதியில் அனுப்பும்போதும்தான் இணையம் அவசியம் என்பதையும் அவர் முன்பே ஒத்திகை பார்க்க வைத்திருந்தார். மண்டபத்தில் இணையம் ஒருமுறை விட்டுப்போனபோது மகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாளாம். வாசிப்பும் எழுத்தும் 620, கணிதம் 770, மொத்தம் 1390. இன்னொரு முறை எழுதினால் வாசிப்பில் உயரலாம் என்பது ஆசிரியையின் எண்ணம். நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை.

சேர விரும்புபவர்களுக்கு: வகுப்பு சனி பிற்பகலும் புதன் மாலையும் நடக்கிறது, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதம் பூட்டியிருக்கும். தமிழ் மொழிமூலப் பிள்ளையாயின் பரீட்சைத் திகதிக்கு ஆறு மாதம் முன்பே இடம் கேளுங்கள். முதல் நாள் எழுதும் மாதிரிப் பரீட்சைக்கு அவர் கட்டணம் வாங்குவதில்லை. அதன் பெறுபேற்றைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு வகுப்பு வேண்டியதில்லை என்று எங்களுக்கு முன் வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியதை நேரில் கண்டேன். மடிக்கணினி இருந்தால் அதையும், மின்னேற்றியையும், ஒரு நாற்பது தாள் கொப்பியையும் கொண்டு போங்கள்.