ஏர் ப்யூரிஃபையர்: வருஷக்கணக்குல ஓட்டிப் பார்த்து சொல்றேன்

எங்க பெட்ரூம்ல ஏர் ப்யூரிஃபையர் சில வருஷமா தினமும் ஓடுது. தூசி அலர்ஜியால காலைல எழுந்ததும் விடாம தும்மல் வரும், அது இப்ப நல்லாவே குறைஞ்சிருக்கு. புதுசா வாங்கறவங்க யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது சிஏடிஆர் பத்திதான், அதாவது மெஷின் ஒரு மணி நேரத்துல எவ்ளோ காத்தை சுத்தம் பண்ணித் தரும்ங்கற அளவு. பெட்டி மேல பெருசா போட்டிருக்கற அந்த நம்பர் ஃபுல் ஸ்பீடுல எடுத்தது, ஃபுல் ஸ்பீடுல பெரும்பாலான மெஷின் போடற சத்தத்துல யாராலயும் தூங்க முடியாது, அதனால ஸ்லீப் மோடுல தட்டி விட்டுட்டு படுத்துடுவோம், அங்க பல மாடல்ல அந்த நம்பர் பாதிக்கும் ரொம்பக் கீழ இறங்கிடும்.

கணக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. 150 சதுர அடி ரூம், 8 அடி உயரம்னா 1200 கன அடி காத்து. மணிக்கு 5 தடவையாவது அது ஃபில்டர் வழியா போய் வரணும்னு வெச்சுக்கோங்க, 6000 கன அடி, நிமிஷத்துக்கு 100, மீட்டர் கணக்குல மணிக்கு சுமார் 170 கன மீட்டர். அப்ப சிஏடிஆர் 170னு போட்ட மெஷின் போதுமேன்னு தோணும், ஆனா அது ஃபுல் ஸ்பீடுல மட்டும்தான் போதும். இதே ரூமுக்கு நான் 300க்கு மேல இருக்கறதத்தான் எடுக்கச் சொல்வேன், நடு ஸ்பீடுல அமைதியா ஓடினாலே வேலை முடிஞ்சிடும். எந்த ஸ்பீடுல எத்தனை டெசிபல்னு தெளிவா போட்டிருக்கற மாடலா பாருங்க.

ஹெப்பாங்கறது ரொம்ப நுண்ணிய தூசியையும் பிடிக்கற ஃபில்டர். அதுல "ஹெப்பா டைப்", "ஹெப்பா மாதிரி"ன்னு எழுதியிருந்தா நான் தொடவே மாட்டேன். உண்மையான ஹெப்பான்னா 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) துகள்ல 99.97 சதவீதம் பிடிக்கணும், ஐரோப்பிய கணக்குல எச்13 ரகம்னா 99.95. அதைவிட சின்னது தப்பிச்சிடுமேன்னு நிறைய பேர் கேக்கறாங்க, அப்படி இல்ல, 0.3 பக்கம்தான் பிடிக்கவே கஷ்டமான சைஸ், அதுக்கும் கீழ போனா துகள் நேரா போகாம அங்கயும் இங்கயும் அலைபாஞ்சு நார்ல மோதி ஒட்டிக்கும். காத்துல மின்னேற்றம் விடற அயனைசர், ப்ளாஸ்மான்னு கூடுதலா இருந்தா அத ஆஃப் பண்ண பட்டன் இருக்கான்னு பாருங்க, சிலது ஓசோன் விடும், ஓசோன் நுரையீரலுக்கு நல்லதே இல்ல, ஆஸ்துமா இருக்கற வீட்ல இத கட்டாயம் கவனிக்கணும்.

வாசனை, பெயிண்ட் நெடி எல்லாம் ஹெப்பா பிடிக்காது, அதுக்கு நெடியை உறிஞ்சற கரி, அதாவது ஆக்டிவேட்டட் கார்பன் வேணும். மெல்லிசா கருப்பு ஸ்பாஞ்சு மாதிரி இருந்தா சீக்கிரமே நிறைஞ்சு போயிடும், குண்டு குண்டா கார்பன் நிரப்பினதுதான் தாக்குப்பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு ரெண்டுமே இதுல குறையாது, அதனால வெளிக்காத்து நல்லா இருக்கற நேரத்துல ஜன்னலைத் திறந்து விடத்தான் வேணும்.

பராமரிப்புல முக்கால்வாசி ப்ரீஃபில்டர்தான். வலை மாதிரி வெளில இருக்குமே அது. முடி, பஞ்சு எல்லாம் அங்கதான் சேரும், அடைச்சிக்கிச்சுன்னா காத்து வரத்து குறையும், சத்தம் மாறும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வேக்யூம் பண்ணிடுறேன், கழுவலாம்னு மேனுவல்ல இருந்தா மட்டும் கழுவி நல்லா காய வெச்சு மாட்டணும், ஈரத்தோட மாட்டினா பூஞ்சை வாடை வந்துடும். ஹெப்பாவ மட்டும் கழுவவே கழுவாதீங்க, நிறைய ஃபில்டர்ல அந்த நார்ல இருக்கற மின்னேற்றம்தான் துகளை இழுக்குது, கழுவினா அது குறைஞ்சிடலாம், பார்வைக்கு வெள்ளையா ஆனாலும் முன்ன மாதிரி வேலை செய்யாது.

ஃபில்டர் மாத்தச் சொல்ற லைட்டு பல மெஷின்ல ஓடின மணிநேரத்தைத்தான் எண்ணும், எவ்ளோ அழுக்குன்னு அதுக்குத் தெரியாது. ஃபில்டர் கறுத்துப் போயிருக்கா, காத்து தள்ளுற வேகம் குறைஞ்சிருக்கா, அதையெல்லாம் பார்த்துதான் நான் முடிவு பண்றேன், புகை அதிகமா இருக்கற சீசன்ல லைட்டு எரியறதுக்கு முன்னாடியே மாத்த வேண்டி வரும். புது ஃபில்டர்ல ப்ளாஸ்டிக் கவர் சுத்தி வரும், பிரிச்சிட்டு மாட்டுங்க. வாங்கறதுக்கு முன்னாடியே ஃபில்டர் விலை என்ன, இன்னும் சில வருஷம் கழிச்சும் கிடைக்குமான்னு விசாரிச்சிடுங்க, ஃபில்டர் கிடைக்கலன்னா மெஷின் வெறும் ஃபேன்தான். வேற கம்பெனி ஃபில்டர் போட்டா ஓரத்துல இடைவெளி விடாம இறுக்கமா உக்காருதான்னு பாருங்க, காத்து அந்த சந்துலயே போயிடும்.

ஆட்டோ மோடு நம்பறவங்க, காத்துல எவ்ளோ தூசின்னு அளக்கற சென்சாரையும் துடைக்கணும். உள்ள லேசர் அடிக்கற சின்ன ஓட்டைல தூசி படிஞ்சா ரீடிங் தாறுமாறா வரும், ப்ளக்க பிடுங்கிட்டு காட்டன் பட்ஸால மெதுவா துடைச்சா சரியாயிடும். தண்ணியை பனி மாதிரி தெளிச்சு ஈரப்பதம் கூட்டற அல்ட்ராசோனிக் ஹ்யூமிடிஃபையர் பக்கத்துல ஓடினாலும் நம்பர் எகிறும், நீர்த்துளியையும் தண்ணில இருக்கற உப்புத் துகளையும் சேர்த்து எண்ணிடும், ரெண்டையும் தள்ளித் தள்ளி வைங்க.