வெள்ளை மணி பிளான்ட்டும் அந்த 45 நாள் கணக்கும்

வேரிகேட்டட் மணி பிளான்ட், அதாவது பச்சை இலையில் வெள்ளை கலந்த ரகம், ஆன்லைனில் வாங்கப் போகிறீர்களா? ஆர்டர் போடும் முன் ஐந்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். செடியைவிட, செடியோடு வந்த பராமரிப்பு அட்டைதான் என்னை நன்றாக ஏமாற்றியது.

விற்பனைப் படத்தில் இருந்தது ஆள் உயரத்துக்குத் தொங்கும் கொடி. முக்கால்வாசி வெள்ளை, அங்கங்கே பச்சைத் தீற்றல். மார்பிள் குயின் என்ற வெள்ளை கலந்த ரகத்தைவிட வெள்ளை கூடினது என்று எழுதியிருந்தார்கள். அப்படி ஒன்று நிஜமாகவே உண்டு, ஸ்னோ குயின் என்று விற்பார்கள். ஆனால் இந்தப் படத்தில் தொட்டியைப் பிடித்திருந்த கையும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்திருந்தது. வெளிச்சத்தை ஏற்றிப் படத்தையே வெளுக்க வைத்திருக்கிறார்கள். இப்போது பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கு என் கண்ணில் இலை மட்டும்தான் பட்டது.

வந்தது உள்ளங்கை அளவு தொட்டி. இறுக்கி அமுக்கின கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), அதில் வட்டமாக நிமிர்ந்து நிற்கும் ஐந்து இலைகள். ஒன்று முழு வெள்ளை. அதைத்தான் முதலில் போட்டோ எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

கூடவே ஓர் அட்டை. வெளிச்சம் அதிகம் படாத மூலையில் வையுங்கள். தினமும் தண்ணீர் தெளியுங்கள். வேர் நன்றாகப் பிடிக்கும்வரை 45 நாள் செடியை அசைக்கவோ இழுத்துப் பார்க்கவோ கூடாது. செல்லப் பிராணிகளுக்குப் பாதுகாப்பானது.

புகார் செய்ய அவர்கள் கொடுத்த அவகாசம் 7 நாள். அது ஆர்டர் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. 45-ஐயும் 7-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

சொன்னபடி செய்தேன். மூன்றாவது வாரம் வெள்ளை இலையின் ஓரம் பழுப்பாகி, தீயில் காட்டின காகிதம் போலச் சுருண்டது. கேட்டேன். "புது இடத்துக்குப் பழகுதுங்க, வெயிட் பண்ணுங்க" என்று பதில். அடுத்த வாரம் அது விழுந்துவிட்டது. மற்ற இலைகளில் மூன்று துளிர்க்கவும் இல்லை, வாடவும் இல்லை, பிளாஸ்டிக் மாதிரி அப்படியே நின்றன. சாகவில்லையே, அப்படியானால் வேர் பிடிக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஐம்பதாவது நாள் ஓர் இலையைப் பிடித்து லேசாக இழுத்தேன். கேக்கில் குத்தின மெழுகுவத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் தண்டே இல்லை. வெறும் இலைக்காம்பு! அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

மணி பிளான்ட் வளர்வது கணுவிலிருந்து. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும், பெரும்பாலும் அதன் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் காற்றுவேர் முளை ஒன்றும் துருத்திக்கொண்டிருக்கும். புதுக் கொடி கிளம்பும் மொட்டு இருப்பது அங்கேதான். கணு இல்லாத இலையை ஈரமண்ணில் செருகினால் மாசக்கணக்கில் பச்சையாக நிற்கும், ஆனால் ஒரு துளிர்கூட விடாது. இதய வடிவ ஹோயா இலை ஒன்றைக் குட்டித் தொட்டியில் நட்டு அன்பளிப்பாக விற்கிறார்களே, அதுவும் பெரும்பாலும் இந்தக் கதைதான். அந்த இலை வேர்கூட விடும், வருஷக்கணக்கில் இருக்கும், கொடி மட்டும் வராது. இலை அவ்வளவு நாள் வாடாமல் நிற்பதுதான் இந்த வியாபாரத்துக்கு முதலீடே.

முழு வெள்ளை இலையின் கதை வேறு. அதற்கு ஒழுங்கான கணு இருந்தது. ஆனால் வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது, வெளிச்சம் பட்டாலும் உணவு தயாரிக்காது. தாய்க்கொடியில் இருந்தவரை பச்சை இலைகள் சம்பாதித்துப் போட்டன, இது உட்கார்ந்து சாப்பிட்டது. வெட்டித் தனியாக நட்டால் கையிருப்பு தீரும்வரைதான் ஆயுசு. செடி வெட்டி விற்பவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

இதெல்லாம் தெரிந்த பிறகு அட்டையை மறுபடி படித்தேன். வெளிச்சமில்லாத மூலை என்பது வேரிகேட்டட் செடிக்கு நேர்விரோதம். சாதாரணப் பச்சை மணி பிளான்ட் மங்கலான இடத்திலும் ஓட்டிவிடும். வெள்ளை கலந்ததற்குச் சுட்டெரிக்கும் வெயில் படாத, ஆனால் பிரகாசமான ஜன்னலோரம் வேண்டும். இல்லையென்றால் புது இலைகள் பச்சையாகிக்கொண்டே போகும். தினமும் தண்ணீர் என்பதும் தப்பு. மேல்மண் ஓரிரு விரல்கணு ஆழம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும், கோகோபீட் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகும். செல்லப் பிராணி விஷயம்தான் எனக்கு ஆறவே இல்லை. மணி பிளான்ட் இலையிலும் தண்டிலும் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. நாயோ பூனையோ கடித்தால் வாய் எரிந்து, எச்சில் ஒழுகி, வாந்தி எடுக்கும். பாதுகாப்பானது என்று அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள்.

படங்களோடு எழுதிக் கேட்டதற்கு வந்த பதில்: "தண்ணி ஓவரா ஊத்தியிருப்பீங்க மேடம்." அட்டையில் அவர்களே சொன்ன தினசரித் தண்ணீரைத்தான் ஊற்றினேன் என்றதும், சமாதானமாக வேரிகேட்டட் மணி பிளான்ட் விதை ஒரு பாக்கெட் இலவசமாகத் தருகிறேன் என்றார்கள். இந்தக் கட்டத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணி பிளான்ட் தானாகப் பூப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். பூக்கத் தேவையான ஜிப்ரெலின் ஹார்மோனைத் தயாரிக்கும் மரபணு அதில் பழுதுபட்டிருக்கிறது என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. இயல்பாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-ல். பூவே இல்லாத செடிக்கு விதை எங்கிருந்து வரும்? இந்தச் செடியின் விதை என்று யார் விற்றாலும் அது வேறு எதன் விதையோதான்.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் சொல்வது இதுதான். இலைப் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள், தண்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தண்டிலேயே வெள்ளைக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள், அடுத்த இலையில் நிறம் வருமா என்பதற்கு அதுதான் ஓரளவு நம்பகமான அடையாளம். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். வந்த அன்றைக்கே ஒவ்வோர் இலையையும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். வேர் உள்ள செடி அதற்கெல்லாம் செத்துப்போகாது. அசைக்கக் கூடாது என்று விற்பவர் சொன்னால் இன்னும் கொஞ்சம் பலமாகவே அசைத்துப் பாருங்கள்.

எனக்குப் பணம் திரும்பி வரவில்லை. 7 நாள் எப்போதோ முடிந்துவிட்டது. ஐந்தில் மிஞ்சியது ஒன்று, அதுவும் நான் படத்தில் சேர்க்காமல் ஒதுக்கிய பச்சை இலை. அதற்கு மட்டும் கணுவும் விரல்நீள வேரும் இருந்தன. மூலையிலிருந்து எடுத்து ஜன்னலோரம் மாற்றினேன். முதலில் வந்த இரண்டு இலையும் முழுப் பச்சை. வெள்ளைக் கோடு தெரிந்த கணுவுக்கு மேலே வெட்டிவிட்டேன், வெட்டின நுனியைத் தண்ணீர்ப் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். வெட்டின இடத்துக்குக் கீழிருந்து வந்த புது இலை போன வாரம் விரிந்தது. ஒரு பக்கம் பல்பொடி தெளித்த மாதிரி நாலைந்து வெள்ளைப் புள்ளி. அதையும் போட்டோ எடுத்தேன், ஆனால் இந்தத் தடவை யாருக்கும் அனுப்பவில்லை.