விளையாட்டு திணறுகிறது என்று கணினியைக் கடைக்குத் தூக்கிப் போகும் முன்

மதுரையில் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் 5,800 ரூபாயைக் கொடுத்துவிட்டு, பழுதை அப்படியே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்து என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரை எழுதினால் பெயர்ப்பலகையைத்தான் மாற்றுவார்கள், வேலையை மாற்ற மாட்டார்கள்.

நான் கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக் கணினியில் இரவு கொஞ்சம் ஜிஎஸ்டி வேலை பார்ப்பேன். மற்ற நேரமெல்லாம் அது கல்லூரியில் படிக்கும் மகனுடையது. இணையத்தில் பலரோடு மோதும் துப்பாக்கி விளையாட்டான வாலோரன்ட் விளையாடுவான். வைகாசிக் கடைசியில் மகளின் கல்யாணம் முடிந்தது. பத்து நாள் கழித்து இவன் புலம்பத் தொடங்கினான். எதிரே நிற்பவனைக் குறிபார்த்துச் சுட்டால் அவன் அங்கே இல்லை, வேறெங்கோ நிற்கிறான், அதற்குள் இவன் செத்துக் கிடக்கிறான். "பிங் முந்நூறைத் தாண்டுகிறது அப்பா" என்றான். மும்பையில் இருக்கும் சர்வரைத் தொட்டுத் திரும்ப ஆகும் மில்லி நொடிக் கணக்காம் அது. எங்கள் வீட்டில் வழக்கமாக ஐம்பதுக்குள் இருக்குமாம்.

கடைக்காரர் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே ஒருமுறை ஊதினார். "பேக்ரவுண்டில் நிறைய ஓடுகிறது சார், ரேம் பத்தாது" என்றார். அந்த வாக்கியத்தின் முதல் பாதி சத்தியம். என்ன ஓடுகிறது என்று அவர் ஒரு நிமிடம் திறந்து பார்த்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை.

நான்கு நாள் வைத்திருந்தார்கள். எடுக்கப் போனபோது கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றை ஓட்டிக் காட்டினார். வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு ஓடியது. நானும் மகிழ்ந்து தலையாட்டினேன். அது இணையமே தேவைப்படாத விளையாட்டு என்பது எனக்கு உறைக்கவில்லை. திரையில் படம் திக்கித் திக்கி நகர்வது ஒரு நோய். இணையத்தில் தகவல் போய்த் திரும்பத் தாமதமாவது வேறு நோய். முதல் நோய்க்கு ரேம், கிராபிக்ஸ் கார்டு என்று பேசுவதில் நியாயம் உண்டு. என் மகனுக்கு இருந்தது இரண்டாவது. கால்வலி என்று போனவனுக்குக் கண்ணாடி மாட்டி, எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளைத் துண்டுச் சீட்டில் மூன்று வரி. 8 ஜிபி ரேம் 3,400, கேம் பூஸ்டர் (விளையாட்டை வேகமாக்குகிறேன் என்று சொல்லும் செயலி) ஓராண்டு 1,500, ஃபுல் சர்வீஸ் 900. பில் கேட்டேன். "பில் போட்டால் பதினெட்டு சதவீதம் கூட வரும் சார், உங்களுக்கு எதற்கு?" என்றார். நாள் முழுக்க ஜிஎஸ்டி பில்லோடு மல்லுக்கட்டும் நானே சரி என்று வந்தேன். எழுதவே கை கூசுகிறது.

அன்று இரவே பிங் மறுபடி முந்நூறு. போன் செய்தால் "கேபிள்காரரைக் கேளுங்கள்" என்றார். கேபிள்காரர் வந்து வேகத்தை அளந்து, லைன் சரியாக இருக்கிறது என்று காபி குடித்துவிட்டுப் போனார்.

ஆடி அழைப்புக்கு மகள் வந்தாள். தம்பியின் புலம்பலைக் கேட்டுவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினாள். டாஸ்க் மேனேஜர் திறந்தது. அதில் நெட்வொர்க் என்ற தலைப்பைத் தட்டினால், இணையத்தை அதிகம் இழுக்கும் செயலி மேலே வந்து நிற்கும். வந்து நின்றது நான் சந்தா கட்டி வைத்திருக்கும் கிளவுட் சேமிப்பு, அதாவது கோப்புகளை இணையத்தில் ஏற்றிப் பத்திரப்படுத்தும் செயலி. அவள் என் பக்கம் திரும்பி, "அப்பா, என் கல்யாண வீடியோவை எங்கே போட்டு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

டெஸ்க்டாப்பில். வீடியோக்காரர் வெட்டாமல் ஒட்டாமல் ஹார்டு டிஸ்க்கில் கொடுத்த மொத்தமும், 310 ஜிபி. டெஸ்க்டாப்பில் எதைப் போட்டாலும் கிளவுடில் ஒரு பிரதி ஏறும்படி நானேதான் எப்போதோ சம்மதம் கொடுத்திருக்கிறேன். எங்கள் இணைப்பில் மேலேற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ்தான். கணினி ஓடுவதோ மாலையில் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் கல்யாணம் ஏறிக்கொண்டிருந்தது, மகனும் அதே நேரத்தில்தான் விளையாட உட்கார்ந்தான். விளையாட்டு அனுப்பும் தகவல் மிகச் சிறியது. ஆனால் வெளியே போகும் பாதையில் வீடியோ மூட்டைகள் வரிசை கட்டி நின்றால் அதுவும் பின்னால் நின்றுதான் ஆக வேண்டும். எங்கள் வீதியில் லாரி சரக்கு இறக்கும் நேரம் பார்த்துச் சைக்கிளில் புகுந்தவர்களுக்கு இது புரியும்.

சந்தேகம் தீர அவள் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து பிங் கட்டளை கொடுத்தாள். முதலில் எங்கள் ரவுட்டருக்கு, அதாவது 192.168.1.1: இரண்டு மில்லி நொடி. வீட்டுக்குள் கோளாறு இல்லை. அடுத்து வெளியே, கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு: 340. ஏற்றுவதை நிறுத்திவைத்தாள். ஐந்தாறு வரிகளுக்குள் எண் இருபதுகளுக்கு இறங்கியது. மகன் விளையாட்டைத் திறந்தான், 44. செலவு பூஜ்யம்.

ஆனாலும் சில நிமிடத்துக்கு ஒருமுறை படம் சட்டென்று நின்று நின்று போனது. இது முன்பு இல்லாத கோளாறு. 1,500 ரூபாய் பூஸ்டரின் உபயம். ரேமைக் "காலி செய்கிறேன்" என்று அது, விளையாட்டு பயன்படுத்திக்கொண்டிருக்கும் நினைவகத்தையும் பிடுங்கிப் போடுகிறது. விளையாட்டு அதைத் திரும்ப எடுக்கும்போது திக்குகிறது. பின்னணியில் ஓடுவதைக் குறைக்க வாங்கிய மருந்து, தானும் பின்னணியில் ஓடியது.

அதை நீக்க, கணினியோடு தானாகத் தொடங்கும் செயலிகளைக் காட்டும் ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்தபோதுதான் எனக்கு வியர்த்தது. கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்று, நிரந்தரக் கடவுச்சொல்லோடு, கணினி உயிர்பெறும்போதே தானும் உயிர்பெறும்படி வைக்கப்பட்டிருந்தது. நாங்கள் யாரும் போட்டதில்லை. எங்கள் முதலாளியின் கணக்கும் என் வங்கி வேலையும் அந்தக் கணினியில்தான். உடனே நீக்கிவிட்டு, எல்லாக் கடவுச்சொற்களையும் அன்றிரவே செல்போனிலிருந்து மாற்றினோம்.

மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டேன். "அவசரம் என்றால் இங்கிருந்தே சரிசெய்யலாம் என்று வைத்தோம்" என்றார். என்னிடம் கேட்கவில்லையே என்றேன். "எல்லாக் கஸ்டமருக்கும் போடுவதுதான் சார்." ரேம் காசு போனதைக்கூட விட்டிருப்பேன், இந்த வாக்கியத்துக்காகத்தான் எழுதுகிறேன். சமீபத்தில் எந்தக் கடையிலாவது கணினியைக் கொடுத்து வாங்கியிருந்தால், இன்றைக்கே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியை ஒருமுறை பாருங்கள்.

அப்படியே இன்னொன்று. விண்டோஸ் அப்டேட்டின் கூடுதல் அமைப்புகளில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒன்று இருக்கிறது. அதில் இணையத்திலுள்ள பிற கணினிகளோடு பகிர அனுமதி இருந்தால், அப்டேட் துண்டுகளை உங்கள் இணைப்பிலிருந்து ஊருக்கெல்லாம் விநியோகிக்கும். நாங்கள் அணைத்துவிட்டோம்.

பூஸ்டருக்குப் பணம் திரும்பாது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஆதாரம் என்று கையில் இருப்பது துண்டுச் சீட்டும், செல்போனில் பணம் அனுப்பிய பதிவும்தான்.

இப்போது மகன் படுக்கப் போகும்போது ஏற்றுவதைத் திறந்துவிட்டுப் போகிறான். இதுவரை பெண் அழைப்பும் பந்தியும் ஏறியிருக்கின்றன. தாலி கட்டுவது இன்னும் ஏறவில்லை.