தன்னைச் சோதித்தறிய ஒரு வேதபாட வகுப்பு: வேலூரிலிருந்து ஒரு மதிப்புரை

வேலூரில் நடக்கும் வேதபாட வகுப்புகளில் பெரும்பாலானவை, உள்ளபடி சொன்னால், சிறிய அளவிலான பிரசங்கங்களே. ஆயர் பேசுவார்; வந்தவர்கள் கேட்பார்கள்; விவரம் தெரிந்த ஒன்றிரண்டு பேர் ஒத்த வாக்கியங்களை எடுத்துக் கொடுப்பார்கள்; ஜெபத்தோடு கலைவார்கள். அப்படிப்பட்ட வகுப்புகளால் வேத அறிவு வளரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் “எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து” திருவிருந்துக்கு வரவேண்டும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதை நிறைவேற்ற அவை உதவுகின்றனவா என்பது வேறு கேள்வி. நகரத்தின் பழைய சபை ஒன்றில் செவ்வாய்க்கிழமை மாலைதோறும் நடக்கும் வகுப்பு, இந்த ஒரே நோக்கத்துக்காக அமைக்கப்பட்டது என்பதாலேயே அதைப் பற்றித் தனியாக எழுதத் தோன்றியது. விளம்பரமாகிவிடக் கூடாது என்று நடத்துபவர்கள் கேட்டுக்கொண்டதால் சபையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

வகுப்பை நடத்துபவர் ஆயர் அல்லர். பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஞாயிறு பள்ளி அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கும். ஒவ்வொருவருக்கும் அரைத்தாள் அளவில் ஜெராக்ஸ் எடுத்த கேள்வித்தாள் ஒன்று கிடைக்கும். அன்றைக்குரிய பகுதியை முதலில் பழைய மொழிபெயர்ப்பிலும் பிறகு எளிய தமிழிலும் ஒருவர் உரக்க வாசிக்கிறார். ஆசிரியர் பின்னணியைப் பத்து நிமிடம் விளக்குகிறார். அதன் பிறகு கால் மணி நேரம் யாரும் பேசுவதில்லை. எல்லோரும் தத்தம் நோட்டில் எழுதுகிறார்கள். எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. இறுதியில் கலந்துரையாடல் உண்டு. ஆனால் “நான்”, “எனக்கு” என்று தொடங்காத எந்த வாக்கியத்தையும் ஆசிரியர் மென்மையாக நிறுத்திவிடுகிறார். இந்த விதிதான் வகுப்பின் உயிர்நாடி என்று எனக்குப் படுகிறது.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை எடுத்த மாலையில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். பிறனிடத்தில் அன்புகூரச் சொல்லும் 18ஆம் வசனம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அதற்கு ஐந்து வசனங்கள் முன்னால், கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்று எழுதியிருப்பதை அவ்வளவு எளிதாக யாரும் ஒப்புவிப்பதில்லை. கேள்வித்தாள் 18ஆம் வசனத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. “உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வருகிறவருக்கு எந்தத் தேதியில் சம்பளம் கொடுக்கிறீர்கள்? அந்தத் தேதியை முடிவு செய்தவர் யார்?” என்றுதான் கேட்டது. தோல் தொழிலில் சிறு ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் ஒருவர், தமக்கே கம்பெனியிலிருந்து பணம் இருபதாம் தேதிக்கு மேல்தான் வருகிறது, தம்மிடம் வேலை செய்பவர்களுக்கு முதல் தேதியில் எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான், இராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை அந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் இதையே சொல்வார்கள். ஆசிரியர், “தம்பி, முதலாளியுடைய தாள் நம்மிடம் இல்லை. உங்களுடையதை எழுதுங்கள்” என்று மட்டும் சொல்லி அடுத்தவரைப் பார்த்தார்.

அதே திறமை, தாவீதையும் நாத்தானையும் பற்றிய பகுதியிலும் வெளிப்பட்டது. உரியாவின் மனைவியை அபகரித்த தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி ஒரு கதையைச் சொல்லி அவன் குற்றத்தை உணர்த்தும் 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தை எல்லோரும் அறிவார்கள். அறிந்திருப்பதே தடையாகவும் இருக்கிறது, ஏனென்றால் முடிவு தெரிந்த கதையில் நாம் தொடக்கத்திலிருந்தே நாத்தானுடைய பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். இவர்கள் வாசிப்பை 4ஆம் வசனத்தோடு நிறுத்தி, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துச் சமைத்த அந்த ஐசுவரியவானுக்கு என்ன தண்டனை ஏற்றது என்று எழுதச் சொன்னார்கள். அதன் பிறகே, ஆட்டுக்குட்டிக்காக நாலத்தனையாகத் திரும்பச் செலுத்தவேண்டும் என்று தாவீது தீர்ப்புச் சொன்ன வசனம் வாசிக்கப்பட்டது. அது அவன் கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்ன கணக்கு அன்று என்றும், ஓர் ஆட்டைத் திருடியவன் நான்கு ஆடுகளைக் கொடுக்கவேண்டும் என்ற யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தின் சட்டமே அது என்றும் ஆசிரியர் விளக்கினார். சட்டம் தெரிந்திருந்தது, நியாய உணர்வும் இருந்தது, ஆனாலும் தன் பெயர் மட்டும் அந்தக் கதையில் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. “நீயே அந்த மனுஷன்” என்ற வசனத்துக்கு வந்தபோது, தாளின் அடுத்த கேள்வி நம்மைவிடக் குறைவாக உள்ளவரிடமிருந்து இந்த ஆண்டு நாம் எதை எடுத்துக்கொண்டோம் என்பதாக இருந்தது. அட்வான்ஸ் தொகை, கடை வாடகை, தம்பிக்குச் சேரவேண்டிய நிலம் என்று அவரவர் நோட்டுகளில் என்னென்ன ஏறியிருக்கும் என்று ஊகிக்கலாம், கேட்க வழியில்லை.

வாசிக்கும் அளவைப் பற்றி ஒரு சொல். நம் சபைகளில் ஆண்டுக்கொரு முறை வேதத்தை முழுவதும் வாசித்து முடிப்பது பெருமைக்குரிய காரியம். 1842இல் ஸ்காட்லாந்தின் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செயின் வகுத்த அட்டவணையை இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். நாளொன்றுக்கு நான்கு அதிகாரங்கள் வீதம், பழைய ஏற்பாடு ஒரு முறையும் புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரு முறையும் முடியும். அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. வேதத்தின் 1,189 அதிகாரங்களில் எதையும் விட்டுவிடாமல் வாசிப்பவருக்கே, தமக்குச் சங்கடமான அதிகாரங்களையும் எதிர்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஆயினும் கட்டம் கட்டமாகப் பேனாவால் குறி போட்டுக்கொண்டே போகும் பழக்கம், லேவியராகமத்தின் கூலி வசனத்தை முக்கால் நிமிடத்தில் கடந்துபோகவும் வசதி செய்து தருகிறது. இந்த வகுப்பு வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வசனங்களுக்கு மேல் எடுப்பதில்லை. வீட்டில் நாள்தோறும் வாசிப்பவருக்கு இது துணை. வாசிக்காதவருக்கு அதன் ஈடு ஆகாது.

நோட்டை யாருக்கும் காட்ட வேண்டாம் என்ற ஏற்பாட்டைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738இல் தம் சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகளில், சென்ற கூட்டத்துக்குப் பிறகு அறிந்து செய்த பாவங்கள் யாவை என்பதே ஒவ்வொருவரிடமும் கேட்கவேண்டிய முதல் கேள்வியாக இருந்தது. அந்த வெளிப்படைத்தன்மை இங்கே இல்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு உடன்பாடில்லை. உறவினர்களும் ஒரே மருத்துவமனையில் ஒரே வார்டில் வேலை செய்பவர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் ஊரில், செவ்வாய்க்கிழமை சொன்னது வெள்ளிக்கிழமைக்குள் காட்பாடி தாண்டிவிடும். அந்தப் பயத்தில் மனிதர்கள் சொல்லத்தக்க பாவங்களை மட்டுமே தேர்ந்தெடுத்துச் சொல்வார்கள்: ஜெபத்தில் குறைவு, பொறுமையில் குறைவு. நோட்டுக்கு அப்படிப்பட்ட நாகரிகம் தேவையில்லை.

மற்றொரு பாராட்டும் கூற வேண்டும். தன்னைச் சோதிக்கச் சொன்னவுடன், ஏற்கெனவே தன்னை அளவுக்கு மீறி வதைத்துக்கொள்பவர்தான் முதலில் பேனாவை எடுப்பார். இரவுப் பணி முடித்து வரும் ஒரு செவிலியர், தாம் எழுதுவது எல்லாமே குற்றப்பட்டியலாக இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னபோது, ஆசிரியர் அவரை 1 யோவான் 3:20க்கு அழைத்துச் சென்றார். நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும் தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர் என்று அங்கே இருக்கிறது. 139ஆம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்களில் ஆராயும் வேலை தேவனிடம் கேட்கப்படுகிறதே தவிர, மனிதன் தன் தலையில் தூக்கிக்கொள்வதாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். “அக்கா, இந்த வாரம் நன்றி சொல்ல வேண்டியதை மட்டும் எழுதுங்கள்” என்றும் சொல்லி அனுப்பினார்.

இவ்வளவு நன்றாக நடக்கும் வகுப்பு, சறுக்கக் கூடாத ஓரிடத்தில் சறுக்கியது. கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில், அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து யூதர் சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொள்கிறார். பர்னபாவும் அந்த மாயத்தில் இழுபடுகிறார். பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கண்டிக்கிறார். சாதியைப் பற்றித் தமிழ்ச் சபை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பகுதி வேதத்தில் உண்டா? கேள்வித்தாளோ “சபையில் யாரோடு பேசத் தயங்குகிறீர்கள்?” என்று கேட்டுவிட்டு நின்றுவிட்டது. பாத்திரம் துலக்குகிறவரின் சம்பளத் தேதி வரை இறங்கிக் கேட்டவர்கள், பிள்ளைக்கு வரன் தேடியபோது முதலில் விசாரித்தது என்ன, கமிட்டித் தேர்தலில் யாருக்கு வாக்களித்தோம், ஏன் வாக்களித்தோம், யார் வீட்டுத் துக்கத்துக்கு வாசலோடு நின்று திரும்பினோம் என்று கேட்டிருக்கலாம். கலந்துரையாடலும் அன்று சீக்கிரமே முடிந்துவிட்டது. ஆசிரியருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது என்பதால்தான் இதைக் கடுமையாகவே குறிப்பிடுகிறேன்.

சில்லறைக் குறைகள்: ஆறரை மணி என்றால் ஏழு மணி, ஜெராக்ஸ் பல நேரம் மங்கல், ஷிப்டு முறையில் வேலை செய்பவர்களுக்குத் தவறிய வாரத்தின் தாள் கிடைப்பதில்லை. கட்டணம் எதுவும் கிடையாது. வாசலில் உள்ள பெட்டியில் தாள் செலவுக்கு விரும்பியதைப் போடலாம். வேதத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுத் தெளிவு பெற விரும்புபவர்களுக்கு இந்த வகுப்பு பொருந்தாது; பின்னணி விளக்கம் அவர்களுக்குப் போதாது. முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கம் கேட்டும், கேட்டது தம்மைத் தொடவில்லை என்று உணர்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வேலூர் வெயிலுக்காக மே மாதம் விடுமுறை. ஜூனில் ஆமோஸ் தொடங்குகிறது. ஒன்பது அதிகாரங்கள், எளியவரை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்பதைப் பற்றிய வசனங்களோடு. தோல் தொழில் நடக்கும் ஊரில் அந்தக் கேள்வித்தாளை எப்படித் தயாரிப்பார்கள் என்று பார்க்கவாவது நான் போவேன்.